மனைக்கு ஒரு கலங்கல்: சென்னையில் கட்டட அனுமதி தருவோருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
உறுப்பினர் செயலர், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்
ஆணையர், பெருநகர சென்னை மாநகராட்சி

மதிப்பிற்குரியீர்,

சென்னையின் நிலப் பயன்பாட்டையும் வளர்ச்சியையும் வகுக்கும், 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது பெருந்திட்டத்தின் காலம் 2026உடன் முடிகிறது. 2046 வரைக்குமான மூன்றாவது பெருந்திட்டம் தங்கள் மேசையில் உருவாகிக்கொண்டிருக்கிறது. அதில் சாலைகள், மெட்ரோ வழித்தடங்கள், துணை நகரங்கள் எல்லாம் இடம்பெறும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர் சங்கச் செயலாளராகச் சில மழைக்காலங்களைக் கடந்தவன் என்ற முறையில், அதில் ஒரே ஒரு கணக்கைச் சேர்க்கும்படி கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். ஒரு மனையில் பெய்யும் மழையில் எவ்வளவு அந்த மனைக்குள்ளேயே நிற்கும், எவ்வளவு எந்த வேகத்தில் தெருவுக்கு வரும் என்பதே அந்தக் கணக்கு.

நாம் நிலத்தைக் கிரவுண்டில் பேசிப் பழகியவர்கள் என்பதால் கிரவுண்டிலேயே சொல்கிறேன். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஏறத்தாழ 223 சதுர மீட்டர். அதன் மேல் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 2,230 லிட்டர் நீர். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் பெய்வதெல்லாம் நமக்குப் புதிதல்ல. அப்போது அந்த ஒரு கிரவுண்டில் 11,000 லிட்டருக்கு மேல் விழுகிறது. கோடையில் நாங்கள் காசு கொடுத்து வாங்கும் பெரிய தண்ணீர் லாரி ஒன்றின் கொள்ளளவு 12,000 லிட்டர். ஆக, ஒவ்வொரு கிரவுண்டு மனையும் மணிக்கு ஒரு லாரி நீரை வாசல் வழியே தெருவில் கவிழ்க்கிறது. மண்ணும் மரமும் இருந்த மனையாக இருந்தால் அதில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கியிருக்கும், இன்னொரு பங்கு தயங்கித் தயங்கி வெளியேறியிருக்கும். மொட்டை மாடியும், சுற்றிலும் சிமென்ட் பூசிய பக்கவெளியும் உள்ள மனையில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. நீர் வாசலைத் தாண்டிய நொடியில் அது கட்டியவரின் பொறுப்பிலிருந்தும் அனுமதி தந்த அலுவலகத்தின் பொறுப்பிலிருந்தும் விலகி, வடிகால் துறையின் சிக்கலாகிவிடுகிறது.

வடிகால்களின் மீது எனக்குக் குறையில்லை. கொசஸ்தலை, கூவம், அடையாறு, கோவளம் என்று வடிநிலப் பகுதிகளாகப் பிரித்து, ஆசிய வளர்ச்சி வங்கி, உலக வங்கி, ஜெர்மானிய வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் கடனுதவியோடு வடிகால்கள் கட்டப்படுகின்றன. 2021 வெள்ளத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஆட்சிப் பணி அதிகாரி வெ. திருப்புகழ் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2023 மார்ச்சில் தன் இறுதி அறிக்கையை அளித்தது. முன்பு நாள் கணக்கில் நீர் தேங்கிய சில தெருக்களில் இப்போது மணிக்கணக்கில் வடிவதை நானே பார்க்கிறேன். ஆயினும் சென்னை தட்டையான நகரம். கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே மட்டுமே இருக்கும் தெருவிலிருந்து நீர் கடலுக்குப் போக வேண்டுமென்றால், கடல் ஏறியிருக்கும் நேரத்தில் பக்கிங்காம் கால்வாயும் அடையாற்று முகத்துவாரமும் அதற்கு இடம் தர வேண்டும். அவை இடம் தராத மூன்று நான்கு மணி நேரத்தில் மனைகள் நீரைப் பிடித்துவைத்துக்கொண்டால் வடிகாலின் அளவு போதும். எல்லா மனையும் ஒரே நேரத்தில் கைவிட்டால் எவ்வளவு அகல வடிகாலும் போதாது.

நம் ஏரிகளை வெட்டியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். ஏரி முதலில் பிடித்துக்கொள்ளும். மதகு வழியே கொஞ்சம் கொஞ்சமாக விடும். நிறைந்தால்தான் கலங்கல் என்னும் உபரிநீர்ப் போக்கி வழியே வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். கீழ்க்கட்டளை ஏரி வழிந்து நாராயணபுரம் ஏரிக்கும், அது வழிந்து பள்ளிக்கரணை சதுப்புக்கும் நீர் போனது அந்த ஒழுங்கில்தான். நான் கேட்பது அதே ஒழுங்கை மனைக்குள் கொண்டுவருவதைத்தான்.

இதற்கு முன்னோடி இல்லாமலும் இல்லை. 2003இல் அவசரச் சட்டத்தின் மூலம் மழைநீர் சேகரிப்பு பழைய கட்டடம், புதிய கட்டடம் என்ற வேறுபாடின்றி மாநிலம் முழுவதும் கட்டாயமாக்கப்பட்டது. இந்தியாவின் வேறு நகரங்கள் பார்த்துப் பின்பற்றிய முயற்சி அது. ஆனால் குழி தோண்டியதோடு சட்டத்தின் கண் மூடிக்கொண்டது. எங்கள் குடியிருப்பில் நான் பொறுப்பேற்றபோது வரைபடத்தில், மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் கசிவுநீர்க் குழிகள் நான்கு இருந்தன. தேடியதில் இரண்டு, வாகன நிறுத்தத்துக்காகப் போட்ட சிமென்ட் கல் தரைக்கு அடியில் கிடந்தன. மூன்றாவதில் ஜல்லியும் செங்கல் துண்டுகளும் சேறோடு கலந்து கெட்டித்துப்போய், ஒரு குடம் நீர் ஊற்றினால் அரை நாள் நின்றது. நான்காவது கடைசிவரை கிடைக்கவில்லை! 2019 ஜூனில் புழல், பூண்டி, சோழவரம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் வந்த நாட்களில் நாங்கள் லாரிக்காகக் காத்திருந்த வாசல், அதற்கு முன் 2015 டிசம்பரில் முழங்கால் அளவு நீர் நின்ற அதே வாசல்.

குழி கெட்டதற்குக் குடியிருப்போரின் அலட்சியமும் காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதியிலும் ஒரு பிழை இருக்கிறது: அது சென்னையின் மண்ணை ஒரே மண்ணாகப் பார்க்கிறது. பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்திலும் கடல் மணல். அங்கே நீரைத் தரையில் விட்டால் அதுவே இறங்கிவிடும். நீலாங்கரைப் பக்கம் அந்த மணலில் கான்கிரீட் வடிகால் எதற்கு என்று மக்கள் எதிர்த்து, வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதைத் தாங்கள் அறிவீர்கள். அண்ணா நகர், விருகம்பாக்கம் பக்கம் களிமண். கிண்டி, ஆதம்பாக்கம், வேளச்சேரி பக்கம் சற்றுத் தோண்டினால் பாறை. களிமண்ணிலும் பாறையிலும் கசிவுநீர்க் குழி பெயருக்குத்தான். அதிலும் கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும் தாழ்வான பகுதிகளில், குழி நீரை உறிஞ்சுவதற்குப் பதில் கீழிருந்து ஊறுகிறது. அத்தகைய இடங்களுக்கு வேண்டியது தொட்டி. கிரவுண்டு ஒன்றுக்கு 2 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள தொட்டியில் 9,000 லிட்டர் நிற்கும். அதாவது அந்த மனையில் விழும் முதல் 4 சென்டிமீட்டர் மழை. அடியில் ஒரு சிறு துளை மதகாகவும், மேலே ஒரு வழிவு கலங்கலாகவும் இருந்தால் போதும். அடுத்த மழைக்குள் அது தானே காலியாகிவிடும். மொட்டை மாடியின் முதல் மழை அழுக்கை வெளியேற்றிவிட்டு மீதியைக் குடிநீர்ச் சம்பிலேயே சேர்ப்பவர்கள் இந்தத் தொட்டியையும் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

சிங்கப்பூரில் 2014 முதல் 0.2 ஹெக்டேர், அதாவது நம் கணக்கில் சுமார் 9 கிரவுண்டுக்கு மேற்பட்ட மனைகளில் கட்டுவோர், உச்ச நேரத்து நீர் வெளியேற்றத்தைக் குறைக்கும் ஏற்பாட்டை மனைக்குள்ளேயே செய்ய வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. நம்மைப் போலவே கொட்டும் மழையும் தட்டையான கரையோரமும் உள்ள ஊர் அது. நமக்கும் பெரிய மனைகளிலிருந்து தொடங்கலாம். ஆனால் பெரிய மனைகளோடு நின்றுவிட முடியாது. ஏனெனில் இந்த நகரத்தில் பெரும்பாலானோர் வாழ்வது ஒன்றிரண்டு கிரவுண்டு மனைகளில்தான்.

இனி, யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று. புதிதாகக் கட்டும் ஒவ்வொருவரும் தம் மனையைச் சாலைமட்டத்திலிருந்து மூன்றடி, நான்கடி உயர்த்தி மண் கொட்டுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் இயலாது. வெள்ளத்தைக் கண்டவர் வேறென்ன செய்வார்? ஆயினும் அந்த மண் இடம்பெயர்த்த நீர் எங்கும் மறைந்துவிடவில்லை. பக்கத்தில் இருக்கும் பழைய வீட்டின் கூடத்தில் நிற்கிறது. எங்கள் தெருவில் அப்படி உயர்ந்த முதல் கட்டடம் வந்த ஆண்டில் எதிர்வீட்டு முதியவர் தரைத்தளத்தைக் காலி செய்தார்; பின்னர் அவரும் இடித்துக் கட்டி உயர்த்தினார்; இப்போது எங்கள் முறை. சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலர் உத்தரவிட்டதால் சாலை உயர்வது ஓரளவு நின்றது. மனை உயர்வதற்கு அப்படியொரு வரம்பு இல்லை. தரையை உயர்த்தாமல் தூண்கள் மீது வீட்டை உயர்த்தி, கீழே நீர் வந்துபோக இடம் விடுவோருக்கும், மண் கொட்டி மேடாக்குவோருக்கும் அனுமதிக் கட்டணத்தில் வேறுபாடு இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கைகளில் முக்கியமானது.

பசுமைக் கட்டடங்களைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலையில் பிளாட்டினம், தங்கம் என்று தரச்சான்றுப் பலகை தாங்கிய வளாகங்கள் நிற்கின்றன. கண்ணாடிச் சுவரின் வெப்பம், குளிர்சாதனத்தின் மின்செலவு, கழிவுநீர் மறுசுழற்சி ஆகியவற்றில் அவை செய்திருக்கும் வேலை மெய்யானது. மழைநீர் சேகரிப்பையும் அந்தத் தர முறைகள் கேட்கவே செய்கின்றன. ஆனால் சான்றிதழின் பார்வை மதில்சுவரோடு முடிந்துவிடுகிறது. அடித்தள வாகன நிறுத்தத்தில் ஊறும் நீரை இரவு பகலாக மோட்டார் வைத்து இறைத்து, மழை நாளில் தெரு வடிகாலில் விடும் கட்டடம் எத்தனை சூரியத் தகடுகளைச் சுமந்தாலும் அதன் பின்தெருவில் இருப்பவருக்கு அது பசுமையாகத் தெரியாது. தனியார் தரும் சான்றைத் தாங்கள் மாற்ற முடியாது. ஆனால் பசுமைக் கட்டடத்துக்கென்று அரசு எந்தச் சலுகையை அளித்தாலும், மனையிலிருந்து வெளியேறும் நீரின் அளவு கட்டுவதற்கு முன்பு இருந்ததைவிடக் கூடவில்லை என்பதை அதன் முதல் நிபந்தனையாக வைக்க முடியும். மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீட்டைக் கட்டணம் பெற்றுக்கொண்டு உயர்த்தித் தரும்போது சாலையின் அகலத்தைப் பார்க்கிறீர்கள். வடிகாலின் அகலத்தையும் பாருங்கள்.

சில மனைகளுக்கு எந்தத் தொட்டியும் தீர்வாகாது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரவியிருந்ததாகச் சொல்லப்படும் பள்ளிக்கரணை சதுப்பில் எஞ்சியிருப்பது ஒரு சிறு பகுதி. 2022இல் 1,247 ஹெக்டேர், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் பொருளில் ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்ட பிறகும், அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டுமான அனுமதி தராதீர்கள் என்று 2025இல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்ல வேண்டியிருந்தது. தென்சென்னையின் பல ஏரிகளின் உபரிநீர் அங்கு வந்துதான் ஒக்கியம் மடுவு வழியே வெளியேறுகிறது. அதன் கரையை யார் வரையறுப்பது என்பதை நீதிமன்றத்துக்கு விட்டுவிடாமல் பெருந்திட்டத்தின் வரைபடத்திலேயே, புல எண்களோடு, பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கி ஒரு நூற்றாண்டு ஆகிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இன்னும் இருக்கிறது, பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை.

நடைமுறைச் சிக்கலை நான் அறியாமல் இல்லை. 2024 முதல் 2,500 சதுர அடி வரையிலான மனைகளில் சிறு வீடுகளுக்குச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி கிடைக்கிறது. சிறு குடியிருப்புகளுக்குப் பணி நிறைவுச் சான்றிலிருந்தும் விலக்கு உண்டு. அலைச்சலைக் குறைத்த இந்தச் சீர்திருத்தங்களைத் திரும்பப் பெறுமாறு நான் கேட்கவில்லை. தொட்டியோ குழியோ மூடப்படுவதற்கு முன் எடுத்த, இடமும் நாளும் பதிவான ஒரு படத்தை அதே இணையதளத்தில் ஏற்றிய பிறகே மின் இணைப்புக்கும் குடிநீர் இணைப்புக்கும் வழிவிடுங்கள். பழைய கட்டடங்களுக்கு அபராதத்தைவிடச் சொத்துவரியில் ஒரு சிறு தள்ளுபடி நன்றாக வேலை செய்யும்; ஆண்டுதோறும் புரட்டாசியில் தூர்வாரியதைக் காட்டுவோருக்கு மட்டும் அது கிடைக்கட்டும். பெரிய மனைகளில் ஒதுக்கப்படும் 10 விழுக்காடு திறந்தவெளி நிலங்களில் இனி உருவாகும் பூங்காக்கள் சாலையைவிடத் தாழ்ந்திருக்கட்டும். 2024இல் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்து நிலம் மீட்கப்பட்டவுடன் அங்கே குளங்களை வெட்டினீர்கள், பல வட்டாரங்களில் மழைநீரை உறிஞ்சித் தேக்கும் ஸ்பாஞ்ச் பூங்காக்களையும் அமைத்துவருகிறீர்கள். அந்த வேகம் இந்தத் துண்டு நிலங்களுக்கும் வரட்டும்.

2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் பதிவான 49 சென்டிமீட்டர் போன்ற மழைக்கு மனைத்தொட்டிகள் மருந்தாகா. அதை மறைத்து எதையும் விற்க நான் வரவில்லை. ஆனால் அத்தகைய மழை எப்போதோ வருவது. ஆண்டுக்குச் சிலமுறை பெய்யும் 5, 10 சென்டிமீட்டர் மழைக்கே பள்ளிக்கூடங்களை மூடி, சுரங்கப்பாதைகளை அடைத்து, மோட்டார்களைத் தெருவில் இறக்குகிறோமே, அந்தச் செலவைத் தொட்டிகளின் செலவோடு ஒப்பிட்டு ஒரு மதிப்பீடு செய்து வெளியிடுமாறு கேட்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் சிமென்ட் தரையை உடைத்து இரண்டு குழிகளை மீட்டுவிட்டோம். களிமண் என்பதால் அவற்றை நம்பாமல், பயன்படாமல் கிடந்த பழைய சம்பைத் தேக்கத் தொட்டியாக மாற்றும் வேலை நடக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபர் முதல் வாரத்தில் அவற்றைத் திறந்துவைத்திருப்போம். தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் அளவுகோலோடு வந்து பார்த்து, எங்கள் கணக்கில் தவறிருந்தால் திருத்தித் தந்தால், அதையே எங்கள் தெருவின் மற்ற மனைகளுக்கும் எடுத்துச் செல்வோம்.

இப்படிக்கு,
மடிப்பாக்கம் குடியிருப்பாளர் ஒருவர்