கையெழுத்துப் போடுவதற்கு முன்

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.

அன்புள்ள குணா,

உன் கடிதம் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் நாலு வரி தட்டிவிட்டுப் போகாமல் தாளில் எழுதி அனுப்புகிறவன் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான் மிச்சம். அதனால் பதிலும் தாளிலேயே வருகிறது.

இங்கே எல்லாரும் நலம். அம்பிகாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஆனாலும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிறாள். மகள் கிள்ளானுக்குக் குடிபோய்விட்டாள். வாரக் கடைசியில் பேரன் வந்து வீட்டைத் தலைகீழாக்கிவிட்டுப் போகிறான். நான் ஓய்வுபெற்ற பிறகும், ஆண்டறிக்கை நெருக்கடி வந்தால் பழைய அலுவலகத்தில் கூப்பிடுகிறார்கள். நிறுவனச் செயலாளர் அலுவலகத்திலேயே காலம் தள்ளியவனுக்குப் படிவத்தைக் கண்டால் கை அரிக்காமல் இருக்குமா? போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

சாந்தியின் முறுக்கும் நெய்யுருண்டையும் இந்தத் தீபாவளிக்குச் சக்கைப்போடு போட்டன என்று படித்து மகிழ்ந்தேன். வீட்டு அடுப்பு போதவில்லை, பினாங்கில் மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தைப் பார்த்து வைத்திருக்கிறோம், சாந்தியின் தம்பி நாற்பதாயிரம் வெள்ளி (ரிங்கிட்) போடுகிறார் என்று எழுதியிருக்கிறாய். நல்ல செய்திதான். இனி நீ கேட்டவற்றுக்கு வருகிறேன்.

வணிகமாக மட்டும் பதியும் என்டர்பிரைஸா, தனியார் நிறுவனமாகப் பதியும் செண்டிரியான் பெர்ஹாட்டா என்பதைத்தான் முதலில் கேட்டிருக்கிறாய். எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். உன் மகன் பிரகாஷ் செண்டிரியான் பெர்ஹாட்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறானாமே. கடன் வந்தாலும் வீட்டைத் தொட முடியாது என்கிறானாமே. அவன் படித்தது சரி. 2016ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் 2017 ஜனவரி 31 அன்று நடப்புக்கு வந்ததிலிருந்து, ஒரே ஆள் பங்குதாரராகவும் இயக்குநராகவும் இருந்து நிறுவனம் தொடங்கலாம். இரண்டாவது பெயருக்காக மாமனாரைத் தேடிப் போன காலம் முடிந்தது. நிறுவனத்தின் கடன் நிறுவனத்தோடு நின்றுவிடும். என்டர்பிரைஸ் அப்படியில்லை. கடையும் நீயும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான்.

ஆனால் நிறுவனத்தின் பெயரில் வங்கியில் கடன் கேட்டுப் பார். புதிய சிறு நிறுவனம் என்றால், இயக்குநர் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்பார்கள். கடைச் சொந்தக்காரர்களிலும் சிலர் இப்போது அப்படிக் கேட்கிறார்கள். அந்த ஒரு கையெழுத்தோடு பிரகாஷ் சொல்லும் பாதுகாப்பு போய்விடும். தொழிலாளியின் சேமநிதிச் சந்தாவைக் கட்டாமல் விட்டால், இ.பி.எஃப். என்னும் சேமநிதி வாரியம் நிறுவனத்தை மட்டும் பிடிப்பதில்லை, இயக்குநரையும் சேர்த்தே பிடிக்கும். நிறுவனத்தில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ பங்கு வைத்திருந்து நிர்வாகமும் செய்கிற இயக்குநரை, நிறுவனத்தின் வருமான வரி பாக்கிக்காக வரி வாரியம் நேராகத் தேடி வரலாம். ஆகவே எதில் எல்லாம் உன் பெயரில் கையெழுத்துப் போடப்போகிறாய் என்பதை முதலில் பார். என்டர்பிரைஸா செண்டிரியானா என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். மலேசிய நிறுவன ஆணையத்தில் அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரிலேயே வணிகம் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும். செண்டிரியானுக்குப் பதிவுக் கட்டணம் 1,000 வெள்ளி. அதோடு முடிந்ததா? 30 நாளுக்குள் நிறுவனச் செயலாளரை நியமிக்க வேண்டும், அவருக்கு மாதச் சம்பளம்போல ஒரு தொகை, ஆண்டறிக்கை, கணக்கறிக்கை என்று செலவு ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் அலுவலகம் பிழைத்ததே அந்தச் செலவில்தான். ஆகவே வேண்டாம் என்று நான் சொன்னால் நீ நம்பலாம். சிறு நிறுவனங்களுக்கு முதல் 150,000 வெள்ளி இலாபத்துக்கு 15 விழுக்காடுதான் வரி என்பது உண்மை. அந்த அளவுக்கு இலாபம் வரட்டும், மாற்றிக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவில், 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி வரையறுத்த பொறுப்புள்ள கூட்டுத்தொழில் என்று ஒன்று இருக்கிறது, பதிவுக்கு 500 வெள்ளி. மைத்துனர் உண்மையாகவே கூட்டாளியாக வந்தால் அதை யோசி.

உன் கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்ட விஷயம் அந்த மைத்துனர் கதைதான். "அவர் பணம் போடுகிறார், நாங்கள் உழைக்கிறோம், இலாபத்தைப் பார்த்துக்கொள்ளலாம்." எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்? எழுதிவைக்காவிட்டால் 1961ஆம் ஆண்டின் கூட்டுத்தொழில் சட்டம் உங்களுக்காகப் பார்த்துக்கொள்ளும். யார் எவ்வளவு போட்டார்கள் என்ற கணக்கே இல்லாமல், இலாபத்திலும் நட்டத்திலும் சமபங்கு என்பதுதான் அந்தச் சட்டத்தின் அடிப்படை. அதைவிட மோசமானது ஒன்று உண்டு. கூட்டாளி, கூட்டுத்தொழிலுக்குச் செய்யும் வேலைக்குச் சம்பளம் கேட்க உரிமையில்லை. சாந்தி விடியற்காலை எழுந்து மாவு பிசைந்து, எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நின்று வெந்தாலும், தைப்பிங்கில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்கும் அவளுக்கும் ஒரே பங்கு. அவளுக்கு மாதச் சம்பளம் வேண்டுமென்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும்.

செந்தூலில் விருந்துச் சமையல் தொழில் செய்த இருவரின் கோப்பு என் மேசையில் வெகுநாள் கிடந்தது. அண்ணன் தம்பிபோலப் பழகியவர்கள். ஒருவர் பணம் போட்டவர், மற்றவர் சமையல்காரர். சமையல்காரர் தவணையில் ஒரு வேன் வாங்கினார், தொழிலுக்குத்தான். தவணை நின்றதும், பணம் போட்டவரின் வீட்டுக்கு வக்கீல் கடிதம் வந்தது. வேனை நான் பார்த்ததே இல்லை என்று அவர் சொன்னது எடுபடவில்லை. தொழிலுக்காக ஒரு கூட்டாளி பட்ட கடன் எல்லாக் கூட்டாளிகளுடைய கடன். இன்றுவரை இருவரும் பேசிக்கொள்வதில்லை. கோயில் திருவிழாவில் பார்த்தால்கூட ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள்.

என் யோசனையைக் கேட்டால், மைத்துனரைக் கூட்டாளியாக்காதே, அந்தப் பணத்தைக் கடனாக வாங்கிக்கொள். எவ்வளவு, எப்போதிலிருந்து மாதம் எவ்வளவு திருப்புவது, கடை மூடினால் என்ன செய்வது என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வட்டி என்ற பேச்சை மட்டும் அதில் கொண்டுவராதீர்கள். வட்டி எழுதினால், 1951ஆம் ஆண்டின் கடன்கொடுப்போர் சட்டப்படி அவர் உரிமம் இல்லாமல் வட்டித் தொழில் செய்கிறார் என்ற வழக்கு நாளை கிளம்பலாம். நன்றிக்கடனாகத் தீபாவளிக்கு டின் டின்னாக முறுக்கு அனுப்புங்கள், யாரும் கேட்க முடியாது. மைத்துனர் முகம் கோணுவார் என்று பயப்படாதே. எழுத மறுக்கிறவரிடம் பணம் வாங்குவதுதான் ஆபத்து.

அடுத்தது கடைவீடு. உனக்கு இதை நான் சொல்ல வேண்டுமா? சூலியா ஸ்திரீட்டில் உன் அப்பாவின் தையல் கடை எப்படிப் போனது என்பதை நீதான் பார்த்தவன். 1948க்கு முன் கட்டப்பட்ட வீடுகளுக்கு 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காவலாக இருந்தது. 1997இல் அதை ரத்துசெய்தார்கள், இடைக்காலம் முடிந்து 2000 பிறந்ததும் வாடகை கேட்டவர் கேட்டபடி. ஜார்ஜ்டவுனில் எத்தனை குடும்பங்கள் சாமானைக் கட்டின! இப்போது நீ அதே மாதிரி கட்டடத்துக்கு வாடகைக்காரனாகப் போகிறாய், இம்முறை சட்டத்தின் காவல் இல்லை, ஒப்பந்தத்தாள் ஒன்றுதான் காவல்.

அந்தத் தாளில் நீ குறிப்பாகப் பார்க்க வேண்டிய இடத்தைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டு, அதன்பின் "இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் வாடகையில்" இன்னும் இரண்டு ஆண்டு நீட்டிக்கலாம் என்று அச்சடித்திருப்பார்கள். படிக்க இதமாக இருக்கும். ஆனால் அதில் சரக்கே இல்லை. ஒப்புக்கொள்ளாவிட்டால் நீட்டிப்பு இல்லை, அவ்வளவுதான். வாடகை இத்தனை விழுக்காட்டுக்கு மேல் ஏறக்கூடாது என்று எண்ணை எழுதச் சொல். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நில அலுவலகத்தில் பதிய வேண்டிவரும். அந்த அலைச்சல் வேண்டாமென்றால் மூன்றுக்குள் வைத்துக்கொள். கையெழுத்தானதும் 30 நாளுக்குள் முத்திரை வரி கட்டிவிடு. கட்டாத தாளை நீதிமன்றத்தில் சான்றாக எடுக்கமாட்டார்கள்.

ஜார்ஜ்டவுன் 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது, அந்தக் கடை அந்த எல்லைக்குள் வருகிறது. புகைக்குழாய் வைக்க, கூரை ஓடுகளை மாற்ற, முகப்பைத் தொட மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். எண்ணெய்ச் சட்டி ஏற்றும் கடைக்குப் புகை போக வழி இல்லையென்றால் தொழிலே இல்லை. அனுமதி கிடைக்குமா என்பது முன்பணம் கட்டிய பிறகு தெரிந்து என்ன பயன்? ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்: உரிமமும் புகைக்குழாய் அனுமதியும் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் செல்லாது, முன்பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். பழைய கூரை ஒழுகினால் செலவு யாருடையது என்பதற்கும் ஒரு வரி. சொந்தக்காரர் சிரித்துக்கொண்டே "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார். பேனாவை அவர் கையில் கொடு.

உரிமங்களைப் பற்றி நீளமாக எழுதப்போவதில்லை. நிறுவன ஆணையச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டினால் கடை திறக்கலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது பதிவுதான், உரிமம் அல்ல. கடை உரிமமும் விளம்பரப் பலகை உரிமமும் மாநகர் மன்றத்திடம். பலகையில் தமிழ் எவ்வளவு பெரிதாகப் போடலாம் என்பதைப் பலகை செய்யும் முன்பே கேட்டுவிடு, மலாய்தான் முன்னிற்க வேண்டும் என்பார்கள். உணவைக் கையாள்கிறவர் ஒவ்வொருவருக்கும் உணவுக் கையாளுநர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் வேண்டும், சாந்தி உட்பட. பொட்டலத்தில் பொருள்களின் பட்டியல், நிகர எடை, தயாரித்தவர் பெயர் முகவரி, காலாவதித் தேதி எல்லாம் இருக்க வேண்டும்.

பிரகாஷ் வடிவமைத்த லேபிளின் படத்தை அனுப்பியிருந்தாயே, அதில் மூலையில் பச்சையாக ஹலால் என்று ஒரு சொல் இருக்கிறது. அதை உடனே எடுக்கச் சொல். சைவப் பலகாரம்தானே, பன்றிக்கொழுப்பு எதுவும் இல்லையே என்ற வாதம் இங்கே உதவாது. இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமோ மாநில சமய இலாகாவோ சான்று கொடுக்காமல் ஹலால் என்று போடுவதே குற்றம். சைவம் என்று போடு, போதும்.

ஆள் வைத்தால், ஓராள் என்றாலும் சட்டம் பொருந்தும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் அது 2025 ஆகஸ்டிலிருந்து வந்துவிட்டது. வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேல் போனால் மிகைநேரச் சம்பளம். ஐயாயிரம் வெள்ளிவரை சம்பளம் வாங்குகிற உள்நாட்டுத் தொழிலாளிக்கு முதலாளி 13 விழுக்காடு இ.பி.எஃப். கட்ட வேண்டும், அவர் பங்கு 11. சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புப் பதிவை மட்டும் முதல் மாதத்திலேயே செய்துவிடு. எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள், இன்று சேர்ந்தாலும் நாளைக்கே கையைச் சுட்டுக்கொள்ளலாம்.

பெயரைப் பற்றியும் கேட்டிருந்தாய். வணிகப் பெயரைப் பதிந்துவிட்டால் அது வேறு யாருக்கும் கிடைக்காது என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த உரிமை வணிகச் சின்னப் பதிவில்தான் வருகிறது, 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து ஆண்டுக்கு, பிறகு புதுப்பிக்கலாம். தொடக்கத்திலேயே அவசரம் இல்லை. பினாங்கைத் தாண்டி முறுக்கு போகத் தொடங்கும்போது பார்த்துக்கொள்.

கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் பலகாரப் பாக்கி மூவாயிரம் வெள்ளியை இழுத்தடிக்கிறார் என்றாயே. 5,000 வெள்ளிவரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்குப் பிரிவில் வக்கீல் இல்லாமல் நீயே மனு போடலாம். ஆறு ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஆனால் கையில் என்ன இருக்கிறது? ஆர்டர் கொடுத்த செய்தியை அழிக்காமல் வைத்திருக்கிறாயா? விலையை அவர் ஒப்புக்கொண்ட குறிப்பு இருக்கிறதா? முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பு. பெரும்பாலானவர்கள் அதிலேயே கட்டிவிடுவார்கள்.

நான் வக்கீல் அல்ல என்பது உனக்குத் தெரியும். ஒப்பந்தத்தாளைக் கடைசியில் பினாங்கிலேயே ஒரு வக்கீல் பார்க்க வேண்டும். அதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பிவை, சிவப்புப் பேனாவோடு உட்காருகிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருவதாக அம்பிகா நேர்ந்திருக்கிறாள். இ.டி.எஸ். ரயிலில் பட்டர்வொர்த் வந்து, பெர்ரியில் ஏறுவோம். அதுவரை கடைச் சொந்தக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் முன்பணம் கட்டாதே. வேறு ஆள் கேட்கிறார்கள் என்று சொல்வார். கேட்கட்டும். புகைக்குழாய்க்கு அனுமதி இல்லாத கடையை அந்த வேறு ஆளும் என்ன செய்யப்போகிறார்?

சாந்திக்கும் பிரகாஷுக்கும் என் அன்பைச் சொல். லேபிளை மாற்றியதும் படம் அனுப்பச் சொல்.

அன்புடன்,
மாணிக்கம்