முதலாளிக்கு யார் என்ஓசி கொடுப்பது?

சென்னையில் பகுதிநேர எம்.பி.ஏ. நடத்தும் கல்லூரிகளின் சேர்க்கைக் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் விதியை உங்களுக்கே விளக்க வேண்டியதில்லை. மாலை வகுப்பில் சேர வேண்டுமானால் அனுபவச் சான்றும், வேலை கொடுத்தவரின் என்ஓசியும் (படிக்க ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) வேண்டும். நியாயம்தான். வேலை கொடுத்தவரே படிக்க வந்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பெருங்குடியில் சின்னதாக ஒரு கம்பெனி நடத்துகிறேன். தண்ணீர் கேன் ஏஜென்சிகள் பாக்கியையும் காலி கேனையும் கணக்கு வைக்க ஒரு ஆப். போன வாரம் உங்களில் ஒரு கல்லூரி என் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தது. "உங்களுக்கு மேல இருக்கறவங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க சார்" என்றார் கவுண்டரில் இருந்தவர். எனக்கு மேலே யாரும் இல்லை. பக்கத்தில் இன்னொரு டைரக்டர் உண்டு. பிரைவேட் லிமிடெட் என்றால் குறைந்தது இரண்டு பேர் வேண்டுமென்பது சட்டம், அதனால் அம்மாவைப் போட்டிருக்கிறேன். (ஊரில் பல கம்பெனிகளின் கதை இதுதான்.) உறவுக்காரர் கையெழுத்து செல்லாதாம்.

சம்பளச் சீட்டு கேட்டார்கள். எல்லோருக்கும் கொடுத்தது போக மிச்சமிருந்தால்தானே நான் சம்பளம் எடுக்க? சம்பளமே இல்லாதவனுக்கு ஃபார்ம் 16 (சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று) எங்கிருந்து வரும்? பி.எஃப். எண்ணும் கேட்டார்கள். 20 பேர்கூட இல்லாத கம்பெனிக்கு அது கட்டாயமே இல்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என்னிடம் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன வருடம் அதே கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய அனுபவச் சான்று, சம்பளச் சீட்டு, என்ஓசி எல்லாவற்றிலும் என் கையெழுத்து, என் சீல். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். இப்போது சாயங்காலமானால் அவர் என்னிடம் சொல்லிக்கொண்டு வகுப்புக்குக் கிளம்புகிறார். அவர் விட்டுப்போன வேலையை நான் உட்கார்ந்து முடிக்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். சொந்தத் தொழில் நடத்துபவரிடம் என்ஓசிக்குப் பதிலாகக் கம்பெனி பதிவுச் சான்றிதழ், ஜி.எஸ்.டி. தாக்கல், வருமான வரிக் கணக்கு இவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். லெட்டர்பேடை எந்தக் கடையிலும் அச்சடித்துவிடலாம். கம்பெனியின் பதிவையோ கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைத் தட்டியே சரிபார்த்துவிடலாம்.

2016-இல் ஸ்டார்ட்அப் இந்தியா வந்ததிலிருந்து கல்லூரி விழாக்களில் சிறப்பு விருந்தினர்கள் "வேலை தேடாதீர்கள், வேலை கொடுங்கள்" என்கிறார்கள்; நீங்களும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறீர்கள். அப்படிக் கொடுத்தவன் வாசலுக்கு வந்தால் அவனை எந்தக் கட்டத்தில் அடைப்பதென்று படிவத்துக்குத் தெரியவில்லை. கடன் கேட்டால் வங்கியும், வீடு கேட்டால் ஹவுஸ் ஓனரும் இதே சம்பளச் சீட்டைத்தான் கேட்கிறார்கள். சரி, அது உங்கள் பாடு இல்லை.

குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்துக்கான கடைசித் தேதிக்குள் என்ஓசிக்குப் பதில் இந்த ஆவணங்கள் போதும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். சந்தேகமிருந்தால் ஆடிட்டரையே நேரில் அழைத்து வருகிறேன். நேர்காணலில் உட்கார வைத்து, இவன் தேறமாட்டான் என்று நீங்கள் முடிவு செய்தால் பேசாமல் எழுந்து போய்விடுவேன். அதுவரைக்குமாவது உள்ளே விடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெருங்குடியிலிருந்து ஒரு விண்ணப்பதாரர்