குப்பன் ஏன் வானத்தைச் சுட வேண்டும்? – கயலுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயல்,

மூவர் துப்பாக்கிச் சண்டைப் புதிருக்கு நான் அனுப்பிய விடையைப் பார்த்துவிட்டு, "இது அழுகுணி ஆட்டம், அத்தை" என்று எழுதியிருந்தாய். வானத்தைப் பார்த்துச் சுடலாம் என்று புதிரில் எங்கே இருக்கிறது என்றும் கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. போனில் இரண்டு வரியில் பதில் சொன்னால் அந்தக் கேள்விக்கு நான் செய்யும் அநியாயம் ஆகிவிடும். உன்னைப் போலவே கேட்கிற பிள்ளைகள் இன்னும் சிலர் இருப்பார்கள், அதனால் எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

படிப்பவர்களுக்காகப் புதிரை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 1930களிலேயே ஆங்கிலப் புதிர்த் தொகுப்புகளில் வந்துவிட்ட பழைய புதிர் இது, பெயர்கள் மட்டும் நான் வைத்தவை. குப்பன், சுப்பன், வேலன் மூவருக்கும் தீராத பகை. முக்கோணமாக நிற்கிறார்கள். குப்பன் மூன்று முறை சுட்டால் ஒரு முறைதான் குறி விழும். சுப்பனுக்கு மூன்றில் இரண்டு. வேலனுக்குக் குறி தப்பியதே கிடையாது. முதலில் குப்பன், பிறகு சுப்பன், பிறகு வேலன் என்று முறைக்கு ஒரு குண்டு. விழுந்தவனை விட்டுவிட்டு அதே வரிசை தொடரும், ஒருவன் மிஞ்சும்வரை. ஒருவர் திறமை மற்றவருக்குத் தெரியும், மூவருமே யோசிக்கத் தெரிந்தவர்கள். முதல் குண்டு குப்பன் கையில் இருக்கிறது. யாரைச் சுடுவது?

"வேலனைத்தான். பெரிய ஆபத்தை முதலில் முடிக்க வேண்டும்" என்றாய். சரி, குப்பன் வேலனைச் சுட்டு, குறியும் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள். அடுத்த குண்டு யாருடையது? சுப்பனுடையது. அவனுக்கு முன்னால் மிச்சமிருப்பது குப்பன் ஒருவன்தான். மாறாகச் சுப்பனைச் சுட்டு வீழ்த்தினால், அடுத்த முறை வேலனுக்கு வரும். அவனுக்குக் குறி தப்பாது, குப்பன் கதை அதோடு முடிந்தது. ஆக, யாரைச் சுட்டாலும் குறி விழுந்தால், எதிராளி முதல் குண்டு சுடுகிற ஒரு சண்டைக்குள் குப்பன் தானே போய் நிற்கிறான். குறி தவறினால்? சுப்பனின் முறை வரும். சுப்பன் வேலனைத்தான் சுடுவான், ஏனென்றால் விட்டுவைத்தால் வேலன் சுடப்போவது சுப்பனை. அவர்களில் ஒருவன் விழுந்த பிறகு அடுத்த குண்டு குப்பனுடையது. குறி தவறுவதுதான் அவனுக்கு நல்லது என்றால், அதை ஏன் அதிர்ஷ்டத்துக்கு விட வேண்டும்? வேண்டுமென்றே தவறவிடலாமே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம், உனக்கு அதுதான் பிடிக்கும். குப்பனும் சுப்பனும் மட்டும் நின்று, குப்பன் முதலில் சுட்டால் அவன் ஜெயிக்கும் வாய்ப்பு 3/7. (முதல் குண்டிலேயே முடிய 1/3. இருவருமே தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க 2/9. எனவே 1/3 ஐ 7/9 ஆல் வகுக்க வேண்டும்.) குப்பன் வானத்தைச் சுட்டால், 2/3 வாய்ப்பில் வேலன் விழுந்து இந்த 3/7 கிடைக்கிறது. மீதி 1/3 வாய்ப்பில் சுப்பன் தவறவிடுகிறான், வேலன் சுப்பனை முடிக்கிறான், வேலனைச் சுடக் குப்பனுக்கு ஒரே ஒரு குண்டு கிடைக்கிறது. கூட்டினால் 25/63. ஒப்பிட வசதியாக எல்லாவற்றையும் 189க்கு மாற்றிக்கொள்கிறேன். வானத்தைச் சுட்டால் குப்பன் பிழைக்க 189இல் 75. வேலனைக் குறிவைத்தால் 59. சுப்பனைக் குறிவைத்தால் 50.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. குப்பன் வானத்தைச் சுட்ட பிறகு மற்ற இருவரின் வாய்ப்பு எவ்வளவு? சுப்பனுக்கு 189இல் 72. குறியே தப்பாத வேலனுக்கு 42. மூவரில் மட்டமாகச் சுடுகிறவன் பிழைக்கும் வாய்ப்புதான் அதிகம், மூவரில் கெட்டிக்காரனுக்குத்தான் குறைவு. வேலனின் திறமையே அவன்மேல் துப்பாக்கியைத் திருப்பிவிடுகிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். வானத்தைச் சுடலாம் என்று புதிர் சொல்லவில்லை, உண்மைதான். கூடாது என்றும் சொல்லவில்லை. "ஒவ்வொருவரும் தன் முறையில் இன்னொருவரைக் குறிவைத்தே தீர வேண்டும்" என்று ஒரு வரி இருந்திருந்தால், உன் விடைதான் சரி, 59 என்பதுதான் உச்சம். அதனால் நீ போட்ட கணக்கு வீணில்லை. ஆனால் இல்லாத அந்த வரியை நீயே மனதுக்குள் எழுதிக்கொண்டு அதற்குக் கட்டுப்பட்டாய். சாவை வைத்துக் கட்டிய புதிர்களில் இது அடிக்கடி நடக்கும். உயிர் போகிற அவசரம் என்று சொன்னதுமே எதையாவது செய்தாக வேண்டும் என்று மனம் பரபரக்கிறது. சும்மா இருப்பதும் ஒரு நகர்த்தல் என்பது நினைவுக்கு வருவதே இல்லை.

இதை வேதாளம் கதையில் நீ ஏற்கனவே கேட்டிருக்கிறாய். கேள்விக்கு விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் விக்கிரமாதித்தன் தலை சுக்குநூறாகும். வாய் திறந்து சொன்னால் மௌனம் கலைந்து, வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும். எந்தப் பக்கம் போனாலும் அடி. ராஜாவும் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லி, ஒவ்வொரு முறையும் மரத்துக்கு நடக்கிறான். கடைசிக் கதை ஞாபகம் இருக்கிறதா? ஓர் அப்பாவும் மகனும் காட்டில் இரண்டு பெண்களின் காலடித் தடங்களைப் பார்க்கிறார்கள். பெரிய தடத்துக்காரியை அப்பா, சின்னத் தடத்துக்காரியை மகன் கட்டிக்கொள்வது என்று பேசிக்கொள்கிறார்கள். தேடிப் போய்ப் பார்த்தால் பெரிய பாதம் மகளுடையது, சின்னப் பாதம் தாயுடையது. சொன்ன சொல் மாறாமல் கல்யாணம் நடக்கிறது. இரண்டு ஜோடிக்கும் பிறக்கிற பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? விக்கிரமாதித்தனுக்குத் தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். "தெரிந்தும் சொல்லாவிட்டால்" என்பதுதானே நிபந்தனை! தெரியாதவன் சும்மா இருந்தால் தலையும் வெடிக்காது, வேதாளமும் தோளிலேயே இருக்கும். அந்த வழி முதல் நாளிலிருந்தே நிபந்தனைக்குள் இருந்தது.

அதோடு முடியவில்லை. வேதாளம் மனம் இளகி, என்னைத் தூக்கிவர உன்னை அனுப்பிய முனிவன் உன்னைப் பலி கொடுக்கப் பார்க்கிறான் என்று எச்சரிக்கிறது. கீழே விழுந்து கும்பிடச் சொன்னால், "நான் அரசன், விழுந்து கும்பிட்டுப் பழக்கமில்லை, எப்படி என்று காட்டுங்கள்" என்று கேட்கச் சொல்கிறது. காட்டுவதற்காக முனிவன் குனிகிறான், வாள் அவன் கழுத்தில் இறங்குகிறது. காஷ்மீரத்துச் சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் கதாசரித்சாகரத்தில் எழுதிவைத்த கதை இது. மால்டாவில் பிறந்த மருத்துவர் எட்வர்ட் டி போனோ இந்த மாதிரி யோசனைக்குப் பக்கவாட்டுச் சிந்தனை என்று பெயர் வைத்தது 1967இல்.

ஆனால் பக்கவாட்டில் போகிற எல்லா விடையும் நல்ல விடை என்று நான் சொல்ல மாட்டேன். "குப்பன் ஓடிவிடலாம்", "துப்பாக்கியில் குண்டே இல்லை" என்றெல்லாம் சொன்னால் அதுதான் அழுகுணி ஆட்டம். வெளியிலிருந்து எதையோ கொண்டுவந்து புதிருக்குள் திணிப்பது அது. ராஜா ஒரு கைதியிடம் இரண்டு சீட்டு நீட்டும் கதையைப் பார். ஒன்றில் "மரணம்", மற்றதில் "விடுதலை" என்று ஊருக்குச் சொல்கிறான், உண்மையில் இரண்டிலும் "மரணம்". கைதிக்கு அது தெரிந்துவிடுகிறது. ஒரு சீட்டை எடுத்து வாயில் போட்டு விழுங்கிவிட்டு, "மிச்சச் சீட்டைப் பாருங்கள், நான் எடுத்தது எது என்று தெரியும்" என்கிறான். வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. ராஜா சபையில் சொன்ன பொய்யையே அவன் கருவியாக்கிக்கொண்டான். தப்பு நடந்துவிட்டது என்று கத்தியிருந்தால் கழுத்து போயிருக்கும், ஏனென்றால் ராஜாவைப் பொய்யன் ஆக்கினால் ராஜா என்ன செய்வான் என்பதும் கணக்கில் உண்டு. ராஜாவின் மானத்தையும் காப்பாற்றி, தன் உயிரையும் காப்பாற்றிக்கொண்டான் பார், அதுதான் எனக்கு இதில் பெரிது.

பூட்டிய அறை, தொங்கும் பிணம், தரையில் தண்ணீர், காரணம் பனிக்கட்டி என்கிற வகைப் புதிர்கள் உனக்குப் பிடிக்கும் என்று தெரியும். எனக்கு அவற்றில் அவ்வளவு மனம் ஒட்டுவதில்லை. அங்கே யாரும் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, புதிர் போட்டவர் மனதில் வைத்த கதையை நாம் ஊகிக்கிறோம், அவ்வளவுதான்.

நிஜத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். கி.பி. 67இல் வெஸ்பாசியனின் ரோமப் படை கலிலேயாவின் யோத்பாத் நகரைப் பிடித்தது. யூதத் தளபதி ஜோசிபஸ் 40 பேரோடு ஒரு குகையில் ஒளிந்தார். சரணடைவதைவிடச் சாவதே மேல் என்று மற்றவர்கள் முடிவு செய்தார்கள். சீட்டுப் போட்டு ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டே வந்தார்கள். கடைசியில் ஜோசிபஸும் இன்னொருவரும் மிஞ்ச, இருவரும் சரணடைந்தார்கள். பிற்காலத்துக்காரர்கள் இதைக் கணக்காக்கினார்கள்: 41 பேர் வட்டமாக நின்று மூன்றாவது ஆளாகக் கொன்றுகொண்டே போனால், 16ஆம் இடமும் 31ஆம் இடமும் மிஞ்சும். ஒன்றுவிட்டு ஒன்று கொன்றால் 19ஆம் இடம். (41ஐ இரும எண்ணில் 101001 என்று எழுதி, முதல் 1ஐ எடுத்துக் கடைசியில் வை. 010011 வரும், அது 19. ஏன் இப்படி என்று நீயே கண்டுபிடி, சுகமான வேலை.) அவர் உண்மையிலேயே எண்ணித்தான் நின்றாரா? அவரே எழுதிய வரலாற்றில் வட்டமும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை, சீட்டுதான் இருக்கிறது. ஆனால் இந்தப் புதிரைப் போடும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். இடத்தைச் சரியாகக் கணக்கிட்டவன் பிழைக்கிறான், மற்ற 39 பேருக்கு அந்தக் கணக்கால் ஒரு பயனும் இல்லை.

அதனால்தான் 100 கைதிகள் புதிரை உனக்குக் கடைசியாக வைத்திருக்கிறேன். அன்னா கால், பீட்டர் ப்ரோ மில்டர்சென் என்ற இரு கணினி அறிஞர்கள் 2003இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் கொடுத்த சிக்கலிலிருந்து வந்தது இது. 100 கைதிகளுக்கு 1 முதல் 100 வரை எண். ஓர் அறையில் 1 முதல் 100 வரை எண் போட்ட பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கைதியின் எண் எழுதிய சீட்டு, கலைத்துப் போட்டது. முன்கூட்டியே கூடிப் பேசி வைத்துக்கொள்ளலாம். பிறகு ஒவ்வொருவராக உள்ளே போய் 50 பெட்டிகளைத் திறக்கலாம், எல்லாவற்றையும் பழையபடி மூடிவிட்டு வர வேண்டும், வெளியே வந்து யாரிடமும் பேசக் கூடாது. 100 பேரும் தன் எண்ணைக் கண்டால் எல்லோருக்கும் விடுதலை. ஒருவர் தவறினாலும் எல்லோருக்கும் சாவு. ஆளாளுக்குக் கண்டபடி திறந்தால், எல்லோரும் பிழைக்கும் வாய்ப்பு இரண்டின் 100ஆம் அடுக்கில் ஒரு பங்கு. அந்த அடுக்கு, 1க்குப் பின் 30 சுழியம் போட்டால் வரும் எண்ணைவிடப் பெரியது.

வழி இதுதான். உன் எண் போட்ட பெட்டியை முதலில் திற. உள்ளே எந்த எண் இருக்கிறதோ அந்தப் பெட்டிக்குப் போ. அதற்குள் இருக்கும் எண்ணுக்குப் போ. இப்படியே போனால் எப்படியும் உன் சீட்டில்தான் சுற்று முடியும். அந்தச் சுற்றில் 50க்கு மேல் பெட்டிகள் இருந்தால்தான் ஆபத்து. 50ஐவிட நீளமான சுற்று அமைய வாய்ப்பு 1/51 + 1/52 என்று 1/100 வரை கூட்டியது, ஏறக்குறைய 69 சதவீதம். ஆக 31 சதவீத வாய்ப்பில் 100 பேரும் வீட்டுக்குப் போகலாம். கைதிகள் ஆயிரம் பேரானாலும், ஆளுக்குப் பாதிப் பெட்டிகள் என்றால் இது 30க்குக் கீழே இறங்காது. மில்டர்செனே ஆட்கள் கூடக்கூட வாய்ப்பு பூஜ்யத்தை நோக்கிப் போகும் என்றுதான் முதலில் நினைத்திருந்தார். ஸ்வென் ஸ்க்யூம் என்ற சக பேராசிரியர் இந்த வழியை அவருக்குச் சொன்னார்.

ஒரு கைதியை மட்டும் தனியாகப் பார். அவன் கண்டபடி திறந்தாலும் பாதிக்குப் பாதி, இப்படித் திறந்தாலும் பாதிக்குப் பாதி. யாருடைய தனி வாய்ப்பும் இம்மியும் கூடவில்லை! தோற்கிறபோது பாதிப் பேருக்கு மேல் சேர்ந்தே தோற்கிறார்கள், மற்றபடி ஒருவரும் தோற்பதில்லை. தோல்விகளையெல்லாம் ஒரே பக்கம் ஒதுக்கியதுதான் அந்த வழி செய்த வேலை. தன் உயிரை மட்டும் கணக்குப் போடுகிறவனுக்கு இதில் எந்த லாபமும் கண்ணில் படாது. ஜோசிபஸின் குகையில் நின்றுவிட்டு இங்கே வந்தால் மனம் கொஞ்சம் ஆறுகிறது, கயல்.

இனி உன் முறை. கைதிகள் பேசிக்கொண்டதைச் சிறை அதிகாரி ஒட்டுக் கேட்டுவிட்டார். சீட்டுகளைக் கலைத்துப் போடாமல், 100 பெட்டிகளும் ஒரே நீளமான சுற்றாக வரும்படி அவரே அடுக்கிவைக்கிறார். இப்போது ஒருவருமே பிழைக்க மாட்டார்கள். அவர் ஒட்டுக் கேட்டது கைதிகளுக்கும் தெரிந்துவிட்டது, உள்ளே போகுமுன் இன்னும் ஒரே ஒரு முறை, அவர் காதில் விழாமல் பேசிக்கொள்ள அவகாசம் இருக்கிறது. சீட்டுகளைத் தொட முடியாது. அதே 31 சதவீதத்தை அவர்கள் திரும்பப் பெற முடியும். எப்படி என்று எழுது. பெட்டியின் மேல் போட்டிருக்கிற எண்ணைத்தான் பெட்டியின் எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று புதிரில் எங்கே இருக்கிறது?

அன்புடன்,
அத்தை