அர்பானாவில் ஒரு வெள்ளை வீடு

திருச்சி
ஞாயிறு மாலை

அன்புள்ள பிரபு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார். மீராவுக்கு அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. இன்றைக்குத்தான் நிதானமாக உட்கார நேரம் கிடைத்தது.

இல்லினாய்ஸில் ஷாம்பெய்ன் பக்கம் வீடு பார்க்கிறோம் என்று போகிற போக்கில் எழுதியிருந்தாய். அந்த ஊரைப் பற்றி உன்னிடம் சொல்ல எனக்கு இருபது வருடத்துப் பேச்சு இருக்கிறது. ஹாஸ்டலில் நான் எமோ என்ற ராக் இசையைக் கேட்டுக்கொண்டு ஹெட்போனைக் கழற்றாமல் கிடந்தபோது நீ கேட்பாய், 'எமோன்னா கண் மையும் நெற்றி முடியும்தானே?' என்று. அப்போது எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அந்த அலங்காரமெல்லாம் 2000க்குப் பிறகு வந்தது. தொடக்கம் 1985, வாஷிங்டன் டிசி. பங்க் ராக் கச்சேரிகளில் அடிதடி பெருகிப்போய், சில பையன்கள் அதே வேகத்தில் தங்கள் சொந்த மனசைப் பாட ஆரம்பித்தார்கள். அவர்களில் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்ற குழுவின் முழு ஆல்பம் ஒன்றே ஒன்றுதான். எமோ என்ற பெயர் வெளியிலிருந்து ஒட்டப்பட்டது. அவர்களுக்கு அது பிடிக்கவே இல்லை.

அங்கிருந்து அது உன் பக்கத்துச் சோளக்காட்டு ஊர்களுக்கு வந்து சேர்ந்தது. சிகாகோ புறநகரில் பள்ளிக்கூடப் பையன்கள் சேர்ந்து கேப்பன் ஜாஸ் என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். டிம் கின்செல்லா பாட்டு, தம்பி மைக் டிரம்ஸ். சுருதி தவறும், குரல் உடையும், ஆனாலும் கேட்பவன் எழுந்து குதிப்பான். 1995இல் ஒரே ஆல்பத்தோடு கலைந்துவிட்டார்கள். கலைந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய் ஆரம்பித்ததுதான் ப்ராமிஸ் ரிங், ஜோன் ஆஃப் ஆர்க், அப்புறம் அமெரிக்கன் ஃபுட்பால்.

இந்தக் கடைசிப் பெயருக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மைக் கின்செல்லா, ஸ்டீவ் ஹோம்ஸ், ஸ்டீவ் லமோஸ் மூவரும் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள். 1999இல் படிப்பு முடிகிற நேரத்தில், ஒரு ஆல்பத்தைப் பதிவுசெய்தார்கள். குழுவும் அதோடு முடிந்தது. ஊர் பிரிகிறவர்கள் கடைசியாகச் சேர்ந்து வாசித்தது என்பதை அதில் கேட்கவே முடியும். கத்தல் இல்லை. இரண்டு கிட்டார்கள் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டே போகும், நடுவில் லமோஸ் டிரம்பெட் எடுப்பார். வார்த்தைகள் மிகக் கொஞ்சம். பாலிவைனில் என்ற சிறிய லேபிள், அதாவது இசைத்தட்டு நிறுவனம், வெளியிட்டது. அட்டையில் ஷாம்பெய்னை ஒட்டிய அர்பானாவில் உள்ள ஒரு வெள்ளை மர வீடு, இரவு, மாடி ஜன்னலில் மட்டும் வெளிச்சம். அவ்வளவுதான் படம். எத்தனை இரவு அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

அப்போது அதைக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் கேட்டவர்கள் விடவில்லை. கையிலிருந்து கைக்கு, கணினியிலிருந்து கணினிக்கு என்று பதினைந்து வருடம் அது தானாகவே பரவியது. 2014இல் மறுவெளியீடு வந்தது, குழு மறுபடி கூடியது, நியூயார்க்கின் வெப்ஸ்டர் ஹால் நிரம்பியது. 2023இல் அந்த வீடு வேறு கைக்குப் போய்விடாமல் குழுவும் லேபிளும் நண்பர்களுமாகச் சேர்ந்து வாங்கிவிட்டார்கள்.

டெக்சஸின் மினரல் என்ற குழுவின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1998இல் இரண்டாவது ஆல்பம் வந்த வருடமே பிரிவு, 2014இல் சந்திப்பு. அவர்களைத் தனியாக ஒரு மழை நாளில் கேள்.

இதையெல்லாம் எமோ மறுமலர்ச்சி என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு அந்தச் சொல்லில் ஒரு வருத்தம் உண்டு. இடையில் யாருமே இல்லாதது போல் அது சொல்கிறது. மிச்சிகனில் லட்டினன் தம்பதி கணவனும் மனைவியுமாக எம்பயர் எம்பயர் என்ற குழுவையும், கவுண்ட் யுவர் லக்கி ஸ்டார்ஸ் என்ற லேபிளையும் நடத்தினார்கள். எத்தனையோ சிறிய குழுக்களின் இசைத்தட்டுகள் அவர்கள் கையால் வெளிவந்தன. பென்சில்வேனியாவின் ஆல்ஜர்னான் காட்வாலடர் என்ற குழு 2008இல் முதல் ஆல்பம் போட்டபோது மறுமலர்ச்சி என்று யாரும் தலைப்பு எழுதவில்லை. வீடுகளின் பேஸ்மென்ட்டில், மேடைகூட இல்லாமல், கூட்டத்தின் முகத்துக்கு நேரே நின்று வாசித்தார்கள். 2012இல் நிறுத்திவிட்டு, பத்து வருடம் கழித்துத் திரும்ப வந்தார்கள். இவர்கள் அணையாமல் காத்ததால்தான் பழையவர்கள் திரும்பி வந்தபோது அரங்கில் இருபது வயதுப் பிள்ளைகள் நின்றார்கள்.

போன மாதம் என் பழைய கிட்டாரைத் தூசி தட்டி எடுத்தேன். அமெரிக்கன் ஃபுட்பாலின் முதல் பாட்டுக்கு எஃப், ஏ, சி, ஜி, சி, ஈ என்று சுருதி சேர்க்க வேண்டும். பயப்பட வேண்டாம், ஆறில் மூன்று கம்பிகளை மாற்றினால் போதும். மாற்றியதும் விரலே வைக்காமல் மொத்தமாக மீட்டினால்கூட ஒரு மாலை நேரம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மீரா கதவோரம் நின்று கேட்டுவிட்டு, 'அப்பா, இது சோகமா சந்தோஷமா?' என்றாள். 'கேட்டுக்கிட்டே இரு, நீயே சொல்லு' என்றேன். ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருந்தாள்.

அந்தப் பாட்டுகளை எழுதியவர்களுக்கு அப்போது இருபது சொச்சம் வயதுதான். நமக்கும் அதே வயதில்தான் பழக்கமானது. ஆனால் நாற்பதைத் தாண்டிய பிறகு கேட்கும்போதுதான் எனக்கு முழுதாகப் புரிகிறது. கடைசி செமஸ்டரில் நாம் இருவரும் சரியாக விடைபெறாமலே ரயில் ஏறியது நினைவிருக்கிறதா? நீ ஜன்னலோரம், நான் பிளாட்பாரத்தில், ஒரு வார்த்தை வரவில்லை. அந்த ஆல்பம் முழுக்க அந்த இரண்டு நிமிடம்தான்.

2019இல் வந்த அமெரிக்கன் ஃபுட்பாலின் மூன்றாவது ஆல்பத்தையும் விட்டுவிடாதே. அதில் மைக் பாடுவது குடும்பமும் குழந்தைகளும் உள்ள ஒருவன் பாட்டு. பாராமோர் குழுவின் பாடகி ஹேலி வில்லியம்ஸ் ஒரு பாட்டில் கூடப் பாடுகிறார்.

சரி, ஒரு வேலை சொல்கிறேன். வீடு அமைந்து, சுதாவும் குழந்தைகளும் வந்து சேர்ந்த பிறகு ஒரு நாள் அர்பானாவில் வெஸ்ட் ஹை ஸ்ட்ரீட் பக்கம் போ. அந்த வீட்டைத் தெருவிலிருந்தே பார், அக்கம்பக்கத்தில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். போட்டோ வேண்டாம், என்னிடம் அது இருக்கிறது. இருட்டிய பிறகு போய், மாடி ஜன்னலில் விளக்கு எரிகிறதா என்று மட்டும் எழுது.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
செந்தில்