வளையத்துல எழுதியிருக்கிறத விட்டுட்டு கண்ணாடியப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல ஃபிலிம் கேமரா திரும்ப வந்துட்டு இருக்கிறதப் பத்திப் போட்டிருந்த கட்டுரையப் படிச்சேன். தமிழ் பேப்பர்ல இதுக்கெல்லாம் இவ்வளவு இடம் குடுக்கிறீங்களேன்னு சந்தோஷம்தான், அதுல மாத்துக்கருத்தே இல்ல. ஆனா பழைய ஜப்பான் லென்ஸப் பத்தி ஒரு பத்தி வருது பாருங்க, அதுல ரெண்டு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு. ஒண்ணு, ஜெர்மன் லென்ஸோட மலிவான நகல்னு ஒரே வரியில முடிச்சது. இன்னொண்ணு, புதுசா வாங்குறவங்க எஃப் 1.4, எஃப் 1.2ன்னு பெருசாத் திறக்குற லென்ஸாப் பாத்து வாங்கணும்னு (எஃப் நம்பர் குறையக் குறைய திறப்பு பெருசு) யோசனை சொன்னது. ரெண்டும் வேற வேற மாதிரி தெரிஞ்சாலும் என்னைப் பொறுத்தவரை ஒரே கோளாறுதான், லென்ஸ் வளையத்துல இருக்கிற பேரையும் நம்பரையும் படிச்சுட்டு உள்ள இருக்கிற கண்ணாடியப் பாக்காமயே தீர்ப்பு சொல்றது.

காப்பியே அடிக்கலையான்னு கேட்டா, அடிச்சாங்க சார், யாரும் மறைக்கல. நிக்கானோட பழைய பேரு நிப்பான் கோகாகு, 1917ல ஆரம்பிச்சது, 1921ல ஜெர்மனியில இருந்து 8 இன்ஜினியர்கள வரவழைச்சுத்தான் தொழில் கத்துக்கிட்டாங்க. போருக்கு அப்புறம் அவங்க விட்ட ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவ (லென்ஸ் வழியா இல்லாம தனி ஜன்னல் வழியாப் பாக்கிறது) எடுத்துக்கிட்டா லென்ஸ் மாட்டுற இடம் ஜெர்மன் கேமரா காண்டாக்ஸ் மாதிரி, ஷட்டர் இன்னொரு ஜெர்மன் கேமரா லைக்கா மாதிரி, பேரு மட்டும் நிக்கான். கேனான் கதை இன்னும் வேடிக்கை, 1936ல வந்த முதல் கேனான் கேமராவுல இருந்ததே நிக்கார் லென்ஸ்தான் (நிக்கார்ங்கிறது நிக்கான் கம்பெனி லென்ஸோட பேரு), அப்ப கேனான்காரங்களுக்கு சொந்தமா லென்ஸ் செய்ய வராது. இன்னைக்கு இந்த ரெண்டு கம்பெனி ரசிகர்களும் போடுற சண்டையப் பாக்கும்போது இது ஞாபகம் வந்து சிரிப்பு வரும்.

ஆனா லென்ஸ் தொழில்ல யாரு யாரைப் பாத்து செய்யல சொல்லுங்க. 1902ல ஜெர்மனியோட ஸைஸ் கம்பெனி கொண்டு வந்த டெஸ்ஸார், அந்த 4 கண்ணாடி அமைப்ப உலகம் பூரா எடுத்துக்கிட்டாங்க. இன்னைக்கு நம்ம கையில இருக்கிற 50 எம்எம் லென்ஸ்ல முக்கால்வாசி எந்தக் கம்பெனியா இருந்தாலும் 1896ல அதே ஸைஸ் கொண்டு வந்த ப்ளானாரோட வாரிசுதான். எஸ்எல்ஆர் கேமராவுல (லென்ஸ் வழியா வர்ற காட்சிய மிரர் வெச்சுக் காட்டுறது) வைட் லென்ஸ் போடணும்னா பின்னாடி மிரர் ஆடுறதுக்கு இடம் விடணும், அதுக்கான ரெட்ரோஃபோகஸ் முறைய 1950ல சந்தைக்குக் கொண்டு வந்தது பிரான்ஸ்ல ஆஞ்சனியூ, அதுக்கப்புறம் எல்லா நாட்டுக்காரங்களும் அந்த வழியிலதான் போனாங்க. அவங்களையெல்லாம் நகல்னு சொல்றோமா?

அதே 1950ல டோக்கியோவுல நடந்தத உங்க கட்டுரையாளர் விட்டுட்டாரு, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். லைஃப் பத்திரிகை போட்டோகிராபர் டேவிட் டக்ளஸ் டங்கன் அப்ப அங்க இருந்தாரு. ஜூன் மிகின்னு ஒரு ஜப்பான் போட்டோகிராபர் நிக்கார் 85 எம்எம் எஃப் 2 லென்ஸ்ல அவரப் படம் எடுத்து பிரிண்ட் காட்டியிருக்காரு. அவ்வளவு ஷார்ப்பா இருந்ததப் பாத்துட்டு மனுஷன் நேரா கம்பெனிக்கே போயிட்டாரு, தன்கிட்ட இருந்த லென்ஸுங்களோட ஒப்பிட்டுப் பாத்துட்டு நிக்கார வாங்கிட்டாரு. கொஞ்ச நாள்ல கொரியப் போர் வந்துச்சு, அவர் தன்னோட லைக்காவுல நிக்கார் லென்ஸ மாட்டிக்கிட்டுத்தான் போர்க்களத்துக்குப் போனாரு. அந்த டிசம்பர்ல நியூயார்க் டைம்ஸே ஜப்பான் கேமராவையும் லென்ஸையும் பத்தி எழுதிடுச்சு. அந்தக் காலத்துல மேட் இன் ஜப்பான்னா பொம்மைச் சாமான்னு நினைச்ச ஊரு அது. இத்தனைக்கும் அந்த 85 எம்எம் லென்ஸே சோனார்ங்கிற ஜெர்மன் லென்ஸ் டிசைன் வழியில செஞ்சதுதான், ஆனா டங்கன் பாத்தது வம்சத்த இல்ல, பிரிண்ட.

அப்புறம் நடந்தது மளமளன்னு நடந்துச்சு. 1952ல ஆசாஹி கம்பெனி ஜப்பானோட முதல் 35 எம்எம் எஸ்எல்ஆர விட்டுச்சு, 1954ல அதுல மிரர் தானே கீழ இறங்குற ஏற்பாடு வந்துச்சு, 1957ல அதே ஆசாஹியோட பென்டாக்ஸ், 1959ல நிக்கான் எஃப். 1967ல நிக்கார் 24 எம்எம் எஃப் 2.8 வந்துச்சு, கிட்டக்க ஃபோகஸ் பண்ணும்போது உள்ள இருக்கிற கண்ணாடிக் கூட்டம் தனியா நகர்ந்து ஓரத்துப் பிழையச் சரி பண்ணும், அதுக்கு யாரப் பாத்து காப்பி அடிச்சாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க. 1971ல பென்டாக்ஸ்காரங்க தங்களோட டாக்குமார் லென்ஸ்ல எஸ்எம்சி கோட்டிங் (கண்ணாடியில வெளிச்சம் எதிரொளிக்கிறதக் குறைக்கிற பூச்சு) போட்டாங்க, 7 அடுக்கு, வெளிச்சத்துக்கு எதிரா வெச்சு எடுத்தா அதுக்கு முந்தின சூப்பர் டாக்குமாருக்கும் இதுக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 1977ல வந்த நாக்ட் நிக்கார் 58 எம்எம் எஃப் 1.2ல முன் கண்ணாடிய கையால பாலிஷ் பண்ணி அஸ்ஃபெரிக்கலாக்கினாங்க (முழு உருண்டை வளைவா இல்லாம), ராத்திரியில தெருவிளக்கெல்லாம் றெக்கை விரிச்ச மாதிரி இழுக்காம புள்ளியா விழணும்ங்கிறதுக்காக.

மலிவான நகல்னு எழுதினவருக்கு நான் முக்கியமா சொல்ல வேண்டியது இதுதான். 1970கள்ல ஜெர்மன்காரங்களே ஜப்பானுக்குத்தான் வந்தாங்க. 1972ல லைக்காவும் மினோல்டாவும் ஒப்பந்தம் போட்டுச்சு, அடுத்த வருஷம் வந்த லைக்கா சிஎல் கேமராவ செஞ்சது ஜப்பான்ல மினோல்டா, லைக்காவோட எஸ்எல்ஆர் லென்ஸ்ல 24 எம்எம் போல சிலது மினோல்டா டிசைன்தான். 1975ல காண்டாக்ஸ் பேர திரும்ப உசுப்பி விட்டது யாஷிகா, அதுக்கான ஸைஸ் லென்ஸ்ல பலதுல மேட் இன் ஜப்பான்னே பொறிச்சிருக்கும். லைக்கான்னு எழுதியிருந்தா ரெண்டு கண்ணாலயும் ஒத்திக்கிறாங்க, அதே பரம்பரையில மினோல்டாவோட ராக்கார்னு எழுதியிருந்தா நகலாம்.

அதுக்காக ஜப்பான்ல வந்ததெல்லாம் தங்கம்னு சொல்ல வரல. 1963ல நிக்கான் விட்ட 43-86 ஜூம், முதல் வெர்ஷன், நேர்கோட்ட வளைச்சு வில்லாக்கிடும், ஓரமெல்லாம் கொழகொழன்னு இருக்கும், விக்க என்னமோ அமோகமா வித்துச்சு. நிக்கார்னு எழுதியிருக்கிறதால மட்டும் அத வாங்காதீங்க.

இனி அந்த எஃப் நம்பர் விவகாரம். வியூஃபைண்டர் பளிச்சுன்னு இருக்கும், ஃபோகஸ் பண்ண வசதி, உண்மைதான். ஆனா ஃபிலிம்ல எடுக்கிறவங்க ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாக்கணும். பென்டாக்ஸோட ஸ்பாட்மேட்டிக், ஒலிம்பஸோட ஓஎம்-1 மாதிரி பழைய பாடியில அதிகபட்ச ஷட்டர் வேகம் 1/1000 நொடி. கேமராவுல 400 ஐஎஸ்ஓ (வெளிச்சத்த வாங்குற திறனோட அளவு) ஃபிலிம் இருக்கு, நல்ல வெயில், 1/1000 வெச்சாலே எஃப் 11க்கு மூடியாகணும். அங்க எஃப் 1.4ஐத் திறந்தா 6 ஸ்டாப் ஓவர், ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் ரெட்டிப்பாகும். டிஜிட்டல்ல ஐஎஸ்ஓவ இறக்கிக்கலாம், ஷட்டர 1/8000க்கு ஏத்திக்கலாம், ஃபிலிம்ல ரோல் முடியிற வரைக்கும் நீங்க மாட்டினதுதான். ஆகக்கூடி அந்தப் பெரிய திறப்ப சாயங்காலத்துலயும் வீட்டுக்குள்ளயும்தான் பயன்படுத்த முடியும், அங்கயும் எஃப் 1.2ல ஒரு கண்ணு ஃபோகஸ்ல இருந்தா இன்னொரு கண்ணு இருக்காது.

இன்னொரு தகவல், சூப்பர் டாக்குமார் 55 எம்எம்ல எஃப் 1.8, எஃப் 2ன்னு ரெண்டு வந்துச்சு, ரெண்டுக்கும் உள்ள கண்ணாடி அமைப்பு ஒண்ணேதான். எஃப் 2வ சீண்ட ஆளில்ல. நிக்கார்-எச் 50 எம்எம் எஃப் 2, ஒலிம்பஸோட ஜுய்க்கோ 50 எம்எம் எஃப் 1.8, கோனிகாவோட ஹெக்ஸனான் 40 எம்எம் எஃப் 1.8, இதெல்லாம் கேமராவோடயே வந்த சாதா லென்ஸுதான்னு ஒதுக்கி வெக்கிறாங்க, லட்சக்கணக்கான பேரு கையில போகப்போறதுன்னு கம்பெனிக்காரன் ரொம்ப கவனமா செஞ்சதே அதுதான்ங்கிறது என் அபிப்பிராயம்.

ரெவ்யூ பாத்து வாங்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. இப்ப வர்ற ரெவ்யூ பூராவும் அடாப்டர் போட்டு மிரர்லெஸ்ல (மிரர் இல்லாத டிஜிட்டல் கேமரா) எடுத்தது. சின்ன சென்சார்ல லென்ஸோட ஓரம் வெட்டிப் போயிடும், ஃபிலிம்ல ஓரம் வரைக்கும் தெரியும். தலைகீழாவும் நடக்கும், ரேஞ்ச்ஃபைண்டர் காலத்து வைட் லென்ஸ்ல வெளிச்சம் ரொம்ப சாய்வா வந்து விழும், சென்சார் மேல இருக்கிற கண்ணாடித் தகட்டால ஓரம் கலங்கிடும், ஃபிலிம்ல அதே லென்ஸ் சுத்தமா இருக்கும். எல்லாத்தையும் விட முக்கியம் அப்பர்ச்சர் பிளேடு, அதாவது லென்ஸ்ல வெளிச்சம் வர்ற துளைய சுருக்குற தகடுங்க. எஸ்எல்ஆர்ல பட்டன அமுக்கின அந்த நொடிக்குள்ள அப்பர்ச்சர் பிளேடு டப்புன்னு மூடியாகணும், பிளேடுல எண்ணெய் கசிஞ்சிருந்தா மெதுவா மூடும், ஃபிலிம் ஓவர் எக்ஸ்போஸ் ஆயிடும். மிரர்லெஸ்காரரு முன்னாடியே கையால மூடி வெச்சுட்டு எடுக்கிறதால அவருக்கு இந்தக் குறையே தெரியாது, லென்ஸ் சூப்பர்னு சொல்லிட்டுப் போயிடுவாரு.

மவுன்ட்டும் (பாடியில லென்ஸ் மாட்டுற இடம்) அப்படித்தான், கட்டுரையில அடாப்டர் போட்டா எல்லாம் எல்லாத்துக்கும் பொருந்தும்னு இருந்துச்சு. மிரர்லெஸ்ஸுக்கு சரி. ஃபிலிம் பாடிக்கு எல்லாமே பொருந்தாது. மவுன்ட்ல இருந்து ஃபிலிம் வரைக்கும் உள்ள தூரம் நிக்கான்ல 46.5 மில்லிமீட்டர், கேனானோட பழைய எஃப்டி மவுன்ட்ல 42. எஃப்டி லென்ஸ நிக்கான் பாடியில வெச்சா தூரத்துல இருக்கிறது ஃபோகஸே ஆகாது, நடுவுல கண்ணாடி வெச்ச அடாப்டர் போட்டா ஆகும், ஆனா அந்தக் கண்ணாடி லென்ஸோட குணத்தையே கெடுத்துடும். நிக்கான்லயே 1977ல ஏஐ முறை வந்துச்சு (இப்ப எல்லாரும் பேசுற ஏஐ இல்லைங்க, அப்பர்ச்சர் வளையத்துல ஒரு விளிம்பு), அதுக்கு முந்தின லென்ஸ எஃப்எம்2 மாதிரி பாடியில அழுத்தி மாட்டினா பாடியில இருக்கிற சின்ன நாக்கு உடையும்.

பழைய லென்ஸ்ல இருந்து அணுக்கதிர் வருதுன்னு பெட்டிச் செய்தி போட்டு பயமுறுத்தியிருக்கீங்க. சூப்பர் டாக்குமார் 50 எம்எம் எஃப் 1.4ல 7 கண்ணாடி வெர்ஷன்ல தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது வாஸ்தவம். போட்டோ எடுக்கிறவருக்கு அதால பெரிய ஆபத்து இல்ல, கண்ணுல ஒட்டி வெச்சுப் பாக்கிற ஐபீஸா மாத்தாம இருந்தா சரி. நிஜத் தொல்லை என்னன்னா கண்ணாடி காலப்போக்குல டீ கலருக்கு வந்துடும், கலர் ஸ்லைடு மஞ்சளாகும், கருப்பு வெள்ளையில லேசா மஞ்ச ஃபில்டர் போட்ட மாதிரி. யுவி வெளிச்சத்துல கொஞ்ச நாள் வெச்சா தெளிஞ்சிடும். இதுக்கு பயந்து தூக்கிப் போட வேண்டாம்.

பயப்பட வேண்டியது பூஞ்சைக்கும் பனிப்படலத்துக்கும். ஜப்பான்ல இருந்து ஆன்லைன்ல விக்கிறவங்க மின்ட், எக்ஸலன்ட் பிளஸ்னு தலைப்புல போட்டுட்டு லேசான ஹேஸ், லேசான ஃபங்கஸ், படத்துக்கு பாதிப்பு இல்லைன்னு கீழ சின்னதா எழுதுவாங்க. தலைப்ப விட்டுட்டு அதத்தான் படிக்கணும். கையில கிடைச்சா அப்பர்ச்சரத் திறந்து வெச்சுட்டு பின்னாடி இருந்து டார்ச் அடிச்சு சாய்ச்சுப் பாருங்க. நூல் நூலாப் படர்ந்திருந்தா பூஞ்சை, மொத்தமா பால் மாதிரி இருந்தா ஹேஸ், ஓரத்துல வானவில் திட்டு இருந்தா ஒட்டின கண்ணாடி பிரியுதுன்னு அர்த்தம். உள்ள நாலு தூசி இருந்தா கவலையே படாதீங்க. முன் கண்ணாடியில ஒரு கீறல் கூட படத்துல தெரியாது, பின் கண்ணாடியில கீறல்னா யோசிக்கணும்.

அடுத்த வாரம் வீட்லயே லென்ஸக் கழட்டி சுத்தம் பண்றது எப்படின்னு வரும்னு அறிவிப்புப் பாத்தேன், அதான் அவசரமா இந்தக் கடிதம். தயவு செஞ்சு ரெண்டு விஷயத்த சேத்துடுங்க. பழைய ஜப்பான் லென்ஸ்ல இருக்கிற ஸ்குரூ ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) வகை, பாக்க சாதாரண ஸ்டார் ஸ்குரூ மாதிரியே இருக்கும், ஆனா சாதா பிலிப்ஸ் ஸ்குரூடிரைவர் போட்டுத் திருப்பினா தலை மழுங்கிடும், அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்கணும். ஃபோகஸ் மரைய பிரிக்கும்போது எந்த இடத்துல பிரிஞ்சுச்சுன்னு அடையாளம் போட்டே ஆகணும், அதுல நுழையிற வழி ஒண்ணு இல்ல, பல இருக்கும், வேற வழியில நுழைச்சா திருகல் நல்லாத்தான் ஓடும், ஆனா இன்ஃபினிட்டி ஃபோகஸ் வராது. பூஞ்சை ஏற்கனவே கோட்டிங்க அரிச்சிருந்தா எத ஊத்தித் தேய்ச்சாலும் தழும்பு போகாதுங்கிறதையும் முதல் வரியிலயே போட்டுடுங்க, நிறைய பேரு கழட்டாமயே விட்டுடுவாங்க.

இப்படிக்கு,
ஃபிலிம்ல படம் எடுக்கிற ஒரு வாசகர்