லிம்போமா ட்ரையல் நடத்துற டொக்டர்மாரே, எங்கட ஆக்களிட்டயும் நேர கேளுங்கோ

வணக்கம். கொழும்பிலயும் இந்தியாவிலயும் லண்டன், ரொறொன்ரோ பக்கமும் நிணநீரில வாற புற்றுநோயான லிம்போமாவுக்குப் புது மருந்துகளை ஆராய்ச்சி செய்து பாக்கிற புற்றுநோய் நிபுணர்மாருக்குத்தான் இதை எழுதுறன். யாழ்ப்பாணத்தில படிச்சிட்டு வெளியில போன எங்கட பிள்ளையளும் உங்களுக்குள்ள இருக்கினம், அந்த உரிமையோடதான் கேக்கிறன்.

கேக்கிறது ஒண்டுதான். எங்கட யாழ்ப்பாணப் பக்கத்து நோயாளியளையும் ட்ரையலுக்கு, அதாவது மருந்தை ஆக்களில குடுத்துப் பாக்கிற ஆராய்ச்சிக்கு, வருவியளோ எண்டு கேளுங்கோ. கேக்கேக்க மகனிட்டயோ மருமகனிட்டயோ கேக்காதேங்கோ, வருத்தக்காரரிட்ட நேர, அவருக்கு விளங்கிற தமிழில கேளுங்கோ.

எங்கட அப்பாவுக்கு 68 வயதில கழுத்தில நெறி கட்டினது. பயொப்சியில டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா எண்ட ஒரு வகை லிம்போமா எண்டு வந்திட்டுது. சொப் எண்டு டொக்டர்மார் சொல்லுற பழைய நாலு மருந்தோட ரிட்டக்ஸிமாப் ஊசியும் சேர்த்துக் குடுத்தவை. இப்ப சுகமாகி வெங்காயத்துக்கு இறைச்சுக்கொண்டு நிக்கிறார். அந்த ஊசி எங்கயிருந்து வந்தது எண்டு தேடிப் படிச்சாப்பிறகுதான் எனக்கு இந்த மடல் எழுதோணும் எண்டு வந்தது.

1998 இல தொடங்கின ஒரு ட்ரையல், பெரும்பாலும் பிரான்ஸ் பக்கத்து ஆக்கள், எல்லாரும் 60 க்கும் 80 க்கும் இடைப்பட்ட வயது, மொத்தம் 399 பேர். ஒரு பகுதிக்கு சொப் மட்டும், மற்றப் பகுதிக்கு சொப்போட ரிட்டக்ஸிமாப். சொப் மட்டும் எடுத்தவையில நூற்றுக்கு 63 பேருக்கு வருத்தம் முழுசா மறைஞ்சது, ஊசியும் சேர்த்து எடுத்தவையில 76 பேருக்கு. ரெண்டு வருசம் கழிச்சு உயிரோட இருந்தவை சொப் மட்டும் எடுத்தவையில நூற்றுக்கு 57 பேர், ஊசியும் எடுத்தவையில 70 பேர். இது 2002 இல வெளிவந்தது. அதுக்குப் பிறகுதான் ரிட்டக்ஸிமாப் சேர்த்துக் குடுக்கிறது உலகம் முழுக்க வழக்கமாச்சுது, 2015 இல உலக சுகாதார நிறுவனத்தின்ர அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலயும் ஏறிச்சுது. அந்த 399 பேரும் அப்பாவின்ர வயதொத்த ஆக்கள், முன்பின் தெரியாத ஆக்கள், அவை ஓமெண்டு சொன்னதாலதான் எங்கட அப்பா இண்டைக்கு எங்களோட இருக்கிறார். இந்தக் கடனை ஆருக்கு எப்பிடித் திருப்பிக் குடுக்கிறது?

ட்ரையல் எண்டு சொன்னா இங்க சனம் முதல் கேக்கிறது "எங்களை எலியாக்கப் போறியளோ" எண்டுதான். ரெண்டாவது, "பாதிப் பேருக்கு வெறும் தண்ணி ஊசி போடுவினமாமே". இது ரெண்டுக்கும் நீங்கள் ஒளிவுமறைவில்லாமப் பதில் சொல்லோணும். மேல சொன்ன ட்ரையலில ஒருத்தரையும் வைத்தியம் இல்லாம விடேல்லை, அந்த நேரம் இருந்த நல்ல மருந்து எல்லாருக்கும் கிடைச்சது எண்டு சொல்லுங்கோ. ஆருக்கு எது எண்டு டொக்டர் முகம் பாத்துத் தெரிவு செய்யிறேல்லை, சீட்டுக் குலுக்கின மாதிரித்தான் விழும், காசிருக்கிறவனுக்கு நல்லதும் இல்லாதவனுக்கு மிச்சமும் எண்டு ஒண்டும் கிடையாது எண்டதையும் சொல்லுங்கோ, எங்கட சனத்துக்கு இதுதான் பெரிய ஆறுதலா இருக்கும்.

புதுசெண்டா நல்லது எண்டும் ஆசை காட்டாதேங்கோ. 1993 இல அமெரிக்காவில வெளிவந்த ஒரு ட்ரையலில, சொப்பை விடப் பலமானது எண்டு எல்லாரும் நம்பின மூண்டு புதுக் கலவையளைச் சொப்போட வைச்சுப் பாத்திச்சினம், 899 பேர். ஒண்டும் சொப்பை விட மேலா வரேல்லை, மருந்தின்ர நஞ்சால செத்தவைதான் அந்தப் புதுசுகளில கூட. ஒப்பிட்டுப் பாக்காம விட்டிருந்தா எத்தினை பேருக்கு அதைக் குடுத்துக்கொண்டே இருந்திருப்பினம்? முதலாம் கட்ட ட்ரையல் எண்டா எவ்வளவு மருந்தை உடம்பு தாங்கும் எண்டு பாக்கிறதுதான் முதல் நோக்கம், சுகமாக்கிறம் எண்டு வாக்குக் குடுக்க ஏலாது எண்டதைச் சொல்லிப்போட்டுக் கேளுங்கோ. தெரிஞ்சுகொண்டு வாற ஆள்தான் கடைசிவரைக்கும் நிப்பார்.

இனி நான் நேர கேக்கச் சொன்ன விசயம். எங்கட ஊரில கான்சர் எண்டா அந்தச் சொல்லையே வீட்டில எடுக்கமாட்டினம். மனுசிக்குத் தெரியும், பிள்ளையளுக்குத் தெரியும், கனடாவில இருக்கிற தம்பிக்குத் தெரியும், வருத்தக்காரருக்கு மட்டும் "கட்டி ஒண்டு, ஊசி போட்டா கரைஞ்சிடும்". பாசத்தாலதான் செய்யினம், அதை நான் குறை சொல்லேல்லை. ஆனா தனக்கு என்ன வருத்தம் எண்டே தெரியாத ஆள் எப்பிடி ட்ரையலுக்குச் சம்மதம் குடுக்கிறது? 1964 இல ஹெல்சிங்கியில உலக மருத்துவச் சங்கம் பிரகடனம் எழுதினதே ஆளுக்கு விளங்கி, அவர் தானா விரும்பிச் சம்மதிக்கோணும் எண்டுதானே. எங்கட அப்பாவுக்கு ஒரு இளம் டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில இருந்து, நாங்கள் கண்ணைக் காட்டக் காட்ட, எல்லாத்தையும் அவருக்கே சொன்னவர். அப்பா கொஞ்ச நேரம் பேசேல்லை, பிறகு கேட்ட முதல் கேள்வி "எத்தினை ஊசி?" எங்களை விட அவர்தான் தைரியமா இருந்தவர். அந்த மாதிரி இருந்து கதையுங்கோ.

சம்மதம் வாங்கிற போர்மில இதுகளும் இருக்கோணும்: இடையில விட்டிட்டுப் போனா வழமையான வைத்தியம் நிக்காது எண்டது, மருந்தால உடம்புக்கு ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு எண்டது, ட்ரையல் முடிஞ்சாப்பிறகும் அந்த மருந்து வேலை செய்துகொண்டிருந்தா அதைத் தொடர்ந்து ஆர் தாறது எண்டது. வவுனியா தாண்டி இரவு பஸ்ஸில கொழும்புக்கு வந்து, வெள்ளை அணு குறைஞ்ச உடம்போட திரும்பப் போற ஆளுக்குப் பயணக்காசும் தங்க ஒரு இடமும் குடுக்காம "வடக்கில ஆக்கள் வருகினமில்லை" எண்டு எழுதிப்போட்டு விடாதேங்கோ. அதை விட நீங்கள் இங்க வாறது நல்லம். தெல்லிப்பழையில புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கு, 2011 இல நாட்டின்ர தெற்கு முனையில இருக்கிற தேவேந்திரமுனைக்கும் வடக்கு முனையில இருக்கிற பருத்தித்துறைக்கும் இடையில சிங்களச் சனமும் தமிழ்ச் சனமும் நடந்து சேர்த்த காசில எழும்பினது. 1978 இல தொடங்கின மருத்துவ பீடமும் இங்க இருக்கு. எல்லாப் பரிசோதனையும் இங்க செய்ய ஏலாட்டிலும், ரத்தம் எடுக்கிறதையும் கிளினிக் பாக்கிறதையும் இங்கயே வைக்கலாம்தானே.

போர்மைத் தமிழில எழுத ஆள் வேணுமெண்டா சொல்லுங்கோ, நாங்கள் வாறம். கிளினிக் வாசலில இருக்கிற நாலு அம்மாமாருக்கு வாசிச்சுக் காட்டி, அவைக்கு விளங்காத வரியெல்லாம் திருத்தி உங்களிட்டத் தாறம்.