பிரிண்டரை மாற்றும் முன் கேபிளைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எடைமேடைக் கணினியை லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றியதிலிருந்து, சீரியல் போர்ட்டில் (தரவை ஒரே கம்பியில் பிட் பிட்டாக அனுப்பும் பழைய இணைப்பில்) இணைத்த பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் சில வரிகளுக்குப் பிறகு எழுத்துகளை விழுங்கிவிடுகிறது என்று தங்கள் கணினிப் பகுதியில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பிரிண்டரையே மாற்றிவிடுமாறு விடை தரப்பட்டிருந்தது. இத்தகைய கருவிகளைப் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அந்த விடை அவசரப்பட்டுச் சொன்னது என்றே கருதுகிறேன்.

முதல் சில வரிகள் பிழையின்றி வருகின்றன என்பதே இதில் முக்கியமான தடயம். தரவு வேகமோ, பாரிட்டி எனும் பிழைச் சரிபார்ப்பு அமைப்போ பொருந்தாவிட்டால் முதல் எழுத்திலிருந்தே குப்பைதான் அச்சாகும். 9600 பாட் வேகத்தில் கணினி நொடிக்குச் சுமார் 960 எழுத்துகளை அனுப்பும்போது, சாதாரண டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரால் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் மிச்சம் அதன் பஃபரில், அதாவது தற்காலிக நினைவகத்தில், சேர்கிறது; பஃபர் நிரம்பியதும் பிரிண்டர் ‘பொறு’ என்று சைகை காட்டுகிறது. அந்தச் சைகையைக் கணினி கவனிக்காததுதான் இங்கே கோளாறு.

அண்மையில் ஓர் அரிசி ஆலையில் இதே தொல்லையோடு அரை நாள் மல்லுக்கட்டினேன். போர்ட் அமைப்புகளைக் காட்டவும் மாற்றவும் லினக்ஸில் உள்ள ‘எஸ்டிடிஒய்’ (stty) கட்டளையில் அந்தப் போர்ட்டின் அமைப்புகளைக் கேட்டபோது, ‘சிஆர்டிஎஸ்சிடிஎஸ்’ (crtscts) என்ற சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தது. வன்பொருள் ஃப்ளோ கண்ட்ரோல், அதாவது தனிக் கம்பியில் வரும் ‘பொறு’ சைகையைக் கவனிக்கும் வசதி, அணைந்திருக்கிறது என்பது அதன் பொருள். அதை இயக்கியதும் பிரிண்டர் ஓர் எழுத்துகூட அச்சிடாமல் நின்றுவிட்டது. ஆலைக்காரர் முகம் சுருங்கினாலும் எனக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது, ஏனெனில் கணினி இப்போது சைகைக்குக் காத்திருந்தும் அது வந்துசேரவில்லை; குறை கேபிளில் இருப்பது அதனால் உறுதியாயிற்று. பல சீரியல் பிரிண்டர்கள் ‘பொறு’ சைகையை 25 பின் இணைப்பின் 20ஆம் பின்னில், அதாவது டிடிஆர் எனும் சைகைக் கம்பியில் காட்டுகின்றன. லினக்ஸோ 9 பின் இணைப்பின் 8ஆம் பின்னான சிடிஎஸ் (‘அனுப்பலாம்’ எனும் சைகை) வழியாக அதை எதிர்பார்க்கிறது. அந்தக் கேபிளில் பிரிண்டரின் 20ஆம் பின் கணினிப் பக்கத்தில் டிஎஸ்ஆர் எனும் வேறொரு சைகைக்கு, அதாவது 6ஆம் பின்னுக்குப் போயிருந்தது. பழைய மென்பொருள் டிஎஸ்ஆரையே பார்த்து வந்ததால் அதுவரை சிக்கல் தெரியவில்லை போலும். அந்த ஒரு கம்பியை 8ஆம் பின்னுக்கு மாற்றிப் பற்றவைத்ததும் சீட்டு முழுமையாக வந்தது. மறுநாள் யாரோ, கேபிளைக் கணினியோடு இணைத்திருந்த யூஎஸ்பி-சீரியல் மாற்றியைப் பிடுங்கிச் செருகியதில் அமைப்பு பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. அச்சிடும் நிரலே ஒவ்வொரு முறையும் அந்த அமைப்பைச் செய்துகொள்ளும்படி மாற்றிய பிறகே வேலை முடிந்தது.

சைகைக் கம்பிகள் இல்லாத மூன்று கம்பி கேபிள்தான் இருக்கிறதென்றால், பிரிண்டர் 19 என்ற எண்ணுள்ள குறியெழுத்தை அனுப்பிக் கணினியை நிறுத்தி, 17ஐ அனுப்பித் தொடரச் செய்யும் மென்பொருள் முறையைப் பிரிண்டரிலும் கணினியிலும் அமைக்கலாம். சீட்டு அச்சிட அது போதும். ஆனால் இருபுறமும் பைனரித் தரவு (எந்த எண்ணுள்ள பைட்டும் வரக்கூடிய தரவு) போய்வரும் இடங்களில் தரவிலுள்ள 19 என்ற பைட்டே நிறுத்தச் சொல்லாகிவிடும் என்பதால் அங்கே அது உதவாது.

அந்த வாசகர் தம் பிரிண்டரைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவதற்குள் இக்கடிதத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எடைக்கருவி பழுதுபார்ப்பாளர் ஒருவர்,
நாமக்கல்.